டர்பன் வட்டாரச் சிறு நிறுவனங்களுக்குக் கணினி நெட்வொர்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீனிக்ஸ், சாட்ஸ்வர்த், டோங்காட், பைன்டவுன் பக்கம் கடையோ கிடங்கோ கணக்கர் அலுவலகமோ நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. 5 பேர் முதல் 50 பேர் வரை வேலை பார்க்கும் இடத்தை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். எங்கள் சாய்வை முன்பே சொல்லிவிடுகிறோம்: விலையுயர்ந்த ரவுட்டரை விட, ஒழுங்கான மின்சாரத்துக்கும் கேபிளுக்கும் எழுதிவைத்த ஏட்டுக்கும் போட்ட பணம்தான் இந்த ஊரில் நிலைக்கிறது.

புது இடத்துக்கு மாறுகிறோம். முதலில் எந்த ரவுட்டர் வாங்குவது?

ரவுட்டர் கடைசியில். முதலில் ஒரு தாளில் கட்டடத்தின் தரைப்படத்தை வரைந்து, கேபிள் முனை வேண்டிய இடங்களைக் குறியுங்கள். மேசைக்கு 2 முனை, பிரிண்டருக்கு 1, கார்டு மெஷினுக்கு 1, கேமராவுக்கு 1, கூரையில் வைஃபை ஆக்சஸ் பாயிண்டுக்கு 1. கூட்டிப் பார்த்து, அதற்கு மேல் கால் பங்கு சேருங்கள். 18 முனை வந்தால், எல்லா முனைகளையும் ஒன்றாக இணைக்கும் சுவிட்ச் பெட்டி 24 போர்ட் (செருகு துளை) உள்ளதாக இருக்கட்டும். 22 வந்துவிட்டால் 48 போர்ட்டை யோசியுங்கள், இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் மேசைக்கடியில் குட்டி சுவிட்சுகள் முளைக்கும்.

அடுத்தது ரேக், அதாவது சுவிட்சும் ரவுட்டரும் உட்காரும் இரும்புச் சட்டம், எங்கே என்பது. கூரைக்குள் கீசர் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே வேண்டாம். கீசர் வெடித்தால் முதலில் நனைவது அதுதான். தரையிலும் வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை. இடுப்பு உயரத்துக்கு மேல், சுவரில், பூட்டுடன். ரேக்கிலிருந்து கடைசி முனை வரை சுவருக்குள் ஓடும் கேபிள் 90 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரு முனையிலும் செருகும் பேட்ச் கேபிள்களுக்கு மீதி 10 மீட்டர். கிடங்கு நீளமாக இருந்தால் நடுவில் இன்னொரு சின்ன ரேக் தேவைப்படும்.

கேட்-5இ போதுமா, கேட்-6 வேண்டுமா?

இரண்டும் நெட்வொர்க் கேபிளின் தர வகைகள். புதிதாக இழுப்பதென்றால் கேட்-6. கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். கேட்-6-இல் 100 மீட்டர் வரை 1 கிகாபிட், சுமார் 55 மீட்டர் வரை 10 கிகாபிட் கிடைக்கும்.

ஆனால் பெட்டியில் அச்சிட்ட எண்ணை விட முக்கியம், உள்ளே இருப்பது முழுச் செம்பா என்பது. மலிவாகக் கிடைக்கும் பல ரோல்களில் அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு மட்டுமே. கத்தியால் கம்பியைச் சுரண்டுங்கள். வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கேமராவும் ஆக்சஸ் பாயிண்டும் தூரத்தில் தடுமாறும், கட்டாகச் சேர்த்துக் கட்டிய இடத்தில் சூடேறும். இரண்டு முறை வளைத்தால் முறிந்தும் போகும்.

முனை போடும்போது இரு பக்கமும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். அதனால்தான் நீல அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டாலும் இணைப்பு அறுபடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். "கணக்கு சாஃப்ட்வேர் மட்டும் மெதுவாக இருக்கிறது" என்ற புகாரில் பல இந்த ஒரு கம்பியில் முடிகின்றன. சுவிட்சின் நிர்வாகப் பக்கத்தில் எந்தப் போர்ட் 100 என்று காட்டுகிறது என முதலில் பாருங்கள்.

வெளிச்சுவரில் ஓடுவது வெயில் தாங்கும் கறுப்பு உறை கேபிளாக இருக்கட்டும், அதுவும் 20 மில்லிமீட்டர் குழாய்க்குள். டர்பன் குரங்குகளுக்குத் தொங்கும் கேபிளைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. ப்ளஃப், உம்ஷ்லாங்கா போன்ற கடலோர இடங்களில் உப்புக்காற்று முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். வெளியே இருக்கும் ஒவ்வொரு முனையும் மூடிய பெட்டிக்குள் போகட்டும். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே கொண்டுவந்தால் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

முன்கடைக்கும் பின்னால் இருக்கும் கிடங்குக்கும் இடையே கேபிள் போடலாமா? தூரம் 40 மீட்டர்தான்.

தூரம் சரி, செம்பு சரியில்லை. இரு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த் இருந்தால், மின்னல் அடிக்கும்போது இரண்டுக்கும் இடையே வோல்ட்டேஜ் வேறுபாடு எழும். அது பாயும் வழி உங்கள் நெட்வொர்க் கேபிள். நேரடியாக விழ வேண்டியதில்லை, பக்கத்துத் தெருவில் விழுந்தாலே போர்ட்டுகள் கருகும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் கோடை மாலைகளில் இது சகஜம்.

கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. சிங்கிள்-மோட், 4 இழை, வெளிப்புற உறை, உள்ளே உலோகக் கம்பி இல்லாத வகை. 2 இழை வேலைக்கு, 2 இருப்புக்கு. இரு பக்கச் சுவிட்சிலும் எஸ்.எஃப்.பி துளை (ஃபைபர் மாட்யூல் செருகும் இடம்) இருந்தால் ஒரு ஜோடி மாட்யூல் போதும். இழையை விரல் தடிமனுக்கு மடக்கிக் கட்டாதீர்கள். வளைவின் ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

மின்சாரப் பக்கத்துக்கு டி.பி. போர்டிலேயே (கட்டடத்தின் மின்பகிர்வுப் பெட்டி) சர்ஜ் தடுப்பான் (திடீரென எகிறும் வோல்ட்டேஜைத் தடுப்பது) பொருத்தச் சொல்லுங்கள். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து, இணக்கச் சான்றிதழும் கொடுக்க வேண்டும். எர்த் கெட்டிருந்தால் எந்தத் தடுப்பானும் அலங்காரம்தான்.

லோட் ஷெட்டிங்தான் நின்றுவிட்டதே, இன்னும் யு.பி.எஸ் எதற்கு?

லோட் ஷெட்டிங், அதாவது அட்டவணைப்படி வரும் மின்வெட்டு, 2024 மார்ச் கடைசியில் நின்று, பத்து மாதம் ஓய்ந்து, 2025 தொடக்கத்தில் சில முறை திரும்பி வந்தது. அது வராவிட்டாலும் கேபிள் திருட்டும் சப்-ஸ்டேஷன் கோளாறும் இருக்கின்றன, அவற்றுக்கு அட்டவணையும் கிடையாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஃபைபர் பெட்டி 8 வாட், ரவுட்டர் 12, 24 போர்ட் சுவிட்ச் 25, ஆக்சஸ் பாயிண்ட் மூன்று 27, கேமரா ஆறு 36, ரெக்கார்டர் 20. மொத்தம் 128 வாட். ஒரு வெட்டு இரண்டரை மணி நேரம் என்று வைத்தால் 320 வாட்-மணி. இன்வர்ட்டர் இழப்பு 15 சதவீதம் என்று வைத்தால் 376 வாட்-மணி வேண்டும். கடையில் வாங்கும் 650 வி.ஏ. யு.பி.எஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று: பெயரளவில் 84 வாட்-மணி, இந்தச் சுமையில் அதில் பாதிதான் கைக்கு வரும். அதாவது 20 நிமிடம். கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்க அது போதும், கடையை நடத்தப் போதாது.

12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 640 வாட்-மணி. 80 சதவீதம் மட்டுமே பயன்படுத்தினாலும் 512. ஒரு வெட்டுக்குத் தாராளம். ஒரே நாளில் இரண்டு வெட்டு, நடுவில் நான்கே மணி நேரம் என்று வரும்போது சார்ஜ் வேகம்தான் தீர்மானிக்கும். ஈய பேட்டரி நிரம்ப 8 முதல் 10 மணி நேரம் கேட்கும்; அரைகுறையாக நிரம்பி, மறுபடி காலியாகி, ஒரே ஆண்டில் செத்துப்போகும். லித்தியத்துக்கு 20 ஆம்பியர் சார்ஜர் கொடுத்தால் அந்த 376-ஐ இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பிவிடும்.

மிகச் சிறிய கடைக்கு இன்னொரு வழி உண்டு. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. இன்வர்ட்டரே இல்லாமல் நேராக 12 வோல்ட் கொடுக்கும் சின்ன டி.சி. யு.பி.எஸ் போதும். மாட்டும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டேஜையும் ஆம்பியரையும் படியுங்கள்; 24 வோல்ட், 48 வோல்ட் ரவுட்டர்களும் உண்டு.

பெட்டிகள் கருகுவது பெரும்பாலும் கரண்ட் போகும்போது அல்ல, திரும்பி வரும்போது. திரும்பிய பின் 3 நிமிடம் காத்திருந்து இணைக்கும் தாமத ரிலே உள்ள பாதுகாப்புப் பிளக்கை யு.பி.எஸ்ஸுக்கு முன்னால் வையுங்கள்.

இரண்டு கம்பெனியிடம் ஃபைபர் வாங்கியும் இரண்டும் ஒன்றாகவே போகின்றன. ஏன்?

தென்னாப்பிரிக்காவில் தெருவில் இழை போடுகிறவர் வேறு, இணையச் சேவை விற்கிறவர் வேறு. ஓபன்சர்வ், வூமாடெல், ஃப்ராக்ஃபுட், மெட்ரோஃபைபர் போன்றவர்கள் முதல் வகை. நீங்கள் மாதச் சந்தா கட்டுவது இரண்டாம் வகையினருக்கு. ஒரே இழைக்காரரின் மேல் இரண்டு சேவையாளரிடம் வாங்கியிருந்தால், தோண்டுகிற இயந்திரம் ஒரே வெட்டில் இரண்டையும் அறுக்கும். வாங்கும் முன் "எந்த இழைக்காரர், எந்தத் தெருப் பக்கமிருந்து நுழைகிறது" என்று கேளுங்கள்.

புகார் செய்யும் முறையும் இதனால்தான் சுற்றிப் போகிறது. இழை அறுந்தாலும் நீங்கள் பேச வேண்டியது சேவையாளரிடம்; அவர்தான் இழைக்காரரிடம் பதிவு செய்வார். ஃபைபர் பெட்டியில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பலனில்லை. போனில் முதல் வாக்கியமாக இதைச் சொல்லிவிட்டால் அரை மணி நேரம் மிச்சம்.

மாற்று இணைப்பாக எதை வைப்பது?

ஃபைபருக்கு மாற்று இன்னொரு ஃபைபர் அல்ல, காற்று வழி. எல்.டி.இ (4ஜி) அல்லது 5ஜி சிம், இல்லையென்றால் கோபுர வயர்லெஸ் சேவை. நீண்ட மின்வெட்டில் மொபைல் கோபுரத்தின் பேட்டரியும் தீரும் என்பதை மறக்க வேண்டாம்.

தானாக மாறும்படி அமைக்கும்போது பலர் செய்யும் தவறு, ரவுட்டர் தன் அடுத்த படியான கேட்வேயை மட்டும் சோதிப்பது. கேட்வே பதில் சொல்லும், அதற்கு அப்பால் ஒன்றும் போகாது, ரவுட்டரும் மாறாது. இணையத்தில் உள்ள பொது சர்வர்களான 1.1.1.1, 8.8.8.8 ஆகிய இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டுமே தொடர்ந்து 5 முறை பதில் தராவிட்டால் மாறட்டும், ஃபைபர் 2 நிமிடம் நிலையாக இருந்த பின்னே திரும்பட்டும். சிம்மில் ஓடும்போது கார்டு மெஷின், பில்லிங், மின்னஞ்சல் மட்டும் போதும். விருந்தினர் வைஃபையும் விண்டோஸ் அப்டேட்டும் ஓடினால் ஒரு மதியத்தில் டேட்டா காலி.

மாதம் ஒரு முறை ஃபைபர் கேபிளைக் கையால் பிடுங்கிப் பாருங்கள். பயன்படுத்தாத சிம் செயலிழந்து கிடப்பது அன்றுதான் தெரியும்.

வீட்டிலிருந்து கேமராவைப் பார்க்க முடிந்தது. எல்.டி.இ-க்கு மாறிய பின் முடியவில்லை.

ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறீர்கள். வெளியிலிருந்து உள்ளே கதவு கிடையாது. போர்ட் திறப்பது பயன் தராது, அது நல்லதுமல்ல. கேமரா ரெக்கார்டரையோ விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டையோ நேராக இணையத்துக்குத் திறந்து வைத்தால் சில மணி நேரத்திலேயே பாஸ்வேர்ட் முயற்சிகள் தொடங்கிவிடும். வயர்கார்டு போன்ற வி.பி.என் (இணையத்தின் வழியே பூட்டிய தனிப்பாதை) போட்டு, ரவுட்டரே வெளியில் உள்ள ஒரு சின்ன வாடகை சர்வருக்கு இணைப்பு வைத்துக்கொள்ளட்டும். நீங்களும் அதே சர்வருக்கு வந்து சேருங்கள்.

ஐபி முகவரிகளை எப்படிப் பிரிப்பது?

192.168.0, 192.168.1 இரண்டையும் தொடாதீர்கள். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் வருகின்றன. ஊழியர் வீட்டிலிருந்து வி.பி.என்-இல் வரும்போது இரு பக்கமும் ஒரே எண்ணாக மோதும். 10-இல் தொடங்கி, இரண்டாம் எண் கிளைக்கு, மூன்றாம் எண் பிரிவுக்கு என்று வையுங்கள். பீனிக்ஸ் கடை 10.21, பைன்டவுன் கிடங்கு 10.22. பிரிவில் 10 அலுவலகம், 20 கார்டு மெஷின், 30 தொலைபேசி, 40 கேமரா, 50 விருந்தினர், 99 நிர்வாகம். 10.22.40.15 என்றதும் பைன்டவுன் கேமரா என்று யாருக்கும் புரியும்.

இவை தனித்தனி வி-லேன்களாக (ஒரே சுவிட்சுக்குள் ஒன்றையொன்று பார்க்காத பிரிவுகள்) இருக்க வேண்டும். எண்ணை மட்டும் மாற்றி ஒரே சுவிட்சில் கலந்துவிட்டால் பிரித்ததாகாது. கார்டு மெஷின் பிரிவு இணையத்துக்கு மட்டும் போகலாம், வேறு எந்தப் பிரிவுக்கும் போகக் கூடாது. கேமராவுக்கு இணையமே வேண்டாம். ஒவ்வொரு பிரிவிலும் நான்காம் எண் 10 முதல் 49 வரை நிலையான முகவரிக்கு, 100 முதல் 199 வரை தானாக வழங்க. விருந்தினருக்கு வழங்கும் காலம் 1 மணி நேரம், அலுவலகத்துக்கு 8.

கிடங்கில் வைஃபை எட்டவே இல்லை. சக்தியைக் கூட்டலாமா?

வேண்டாம். ஆக்சஸ் பாயிண்ட் கத்தினாலும் கையிலிருக்கும் ஸ்கேனரின் குரல் திரும்பிப் போகாது. தகரக் கூரையும் இரும்பு அலமாரியும் அலையைத் திருப்பி அடிக்கும். எண்ணெய் டின், தண்ணீர் கேன் அடுக்கிய வரிசை அதை விழுங்கிவிடும். காலி கிடங்கில் செய்த சோதனை சரக்கு நிரம்பியதும் செல்லாது. வரிசையின் தலைமாட்டில், பாதையை நோக்கி, திசை ஆன்டெனாவுடன் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்கள் மட்டும், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை நிம்மதி. 52 முதல் 144 வரை ரேடாருடன் பகிரும் அலைவரிசை: ரேடார் என்று சந்தேகம் வந்தாலே ஆக்சஸ் பாயிண்ட் அந்தச் சேனலை விட்டு வெளியேற வேண்டும், எல்லா இணைப்பும் ஒரு கணம் அறுபடும்.

கேமராக்கள் பகலில் ஓடுகின்றன, இரவில் ஒவ்வொன்றாக மறைகின்றன.

இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரியும், 4 வாட் எடுத்த கேமரா 8 எடுக்கும். சுவிட்சில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் அல்லது 30 வாட் என்று எழுதியிருந்தாலும், மொத்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 8 போர்ட் சுவிட்சின் வரம்பு 60 வாட் என்றால், எட்டுக் கேமரா இரவில் 64 கேட்கும். எட்டாவது அணையும், பிறகு வரும், பிறகு இன்னொன்று அணையும். இரவுச் சுமையை வைத்துக் கணக்கிட்டு, அதற்கு மேல் 20 சதவீதம் விட்டு வாங்குங்கள்.

திடீரென்று ஒருவருக்கும் இணையம் இல்லை. எங்கே தொடங்குவது?

ஒரு கணினியின் ஐபி முகவரியிலிருந்து. 169.254 என்று தொடங்கினால் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி சேவையே கிடைக்கவில்லை: கேபிள், சுவிட்ச், வி-லேன் பக்கம் பாருங்கள். உங்கள் திட்டத்தில் இல்லாத 192.168.0 வந்தால், யாரோ வீட்டிலிருந்து ரவுட்டர் கொண்டுவந்து சுவரில் செருகியிருக்கிறார். அது முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது. சுவிட்சில் டி.எச்.சி.பி ஸ்நூப்பிங் (அனுமதி இல்லாத பெட்டி முகவரி வழங்குவதைத் தடுக்கும் அமைப்பு) போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வராது. சுவிட்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்ததுபோல் மின்னினால், ஒரு கேபிளின் இரு முனையும் அதே சுவிட்சில் செருகியிருக்கும். முகவரி சரி, 1.1.1.1 பதில் தருகிறது, தளத்தின் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு, பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ்-இல்.

உள்ளே எல்லாம் சரி, வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் மெதுவாக இருக்கின்றன.

கடலடிக் கேபிளாக இருக்கலாம். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் அருகே வாக்ஸ், சாட்-3 உள்ளிட்ட நான்கு கேபிள்கள் ஒன்றாகப் பழுதாகி, தென்னாப்பிரிக்கா முழுக்கப் பாதிப்பு ஏற்பட்டது. நீங்கள் செய்யக்கூடியது, அன்றாட வேலைக்கான சர்வரை உள்நாட்டில் வைப்பது. மைக்ரோசாஃப்ட் அஷுர் ஜோஹன்னஸ்பர்க் வட்டாரத்தில் 2019 முதல், அமேசான் கேப்டவுனில் 2020 முதல், கூகுள் ஜோஹன்னஸ்பர்க்கில் 2024 முதல் கிளவுட் நடத்துகின்றன. கணக்கைத் திறக்கும்போது எந்த வட்டாரம் என்று கேட்கும். பலர் முன்பே குறியிட்டிருக்கும் அமெரிக்காவையோ ஐரோப்பாவையோ அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

எங்களைப் போன்ற சின்னக் கடைக்கும் போப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டம் பொருந்துமா?

பொருந்தும். 2021 ஜூலை 1 முதல் கடைப்பிடிப்பது கட்டாயம். வாடிக்கையாளர் பெயர், எண், கேமராப் பதிவு எல்லாமே அதற்குள் வரும். பிரிவு 19 தகுந்த பாதுகாப்பு வைக்கச் சொல்கிறது; தகவல் கசிந்தால் பிரிவு 22-இன்படி தகவல் ஒழுங்குமுறை அமைப்புக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அபராதம் 1 கோடி ரேண்ட் வரை போகலாம். தகவல் அதிகாரி யார் என்றால், தனியாள் வியாபாரத்தில் உரிமையாளரே.

பேக்கப் எத்தனை?

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. அவற்றில் ஒன்றாவது நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். எப்போதும் மாட்டியே இருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல்) சேர்த்தே பூட்டும். 2021 ஜூலையில், துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் மீது நடந்த தாக்குதலில் டர்பன் துறைமுகமே கைவேலைக்கு இறங்க வேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு கோப்பைத் திருப்பி எடுத்துத் திறந்து பாருங்கள்.

சாஃப்ட்வேர் அப்டேட், ரவுட்டர் மாற்றம் எல்லாம் எப்போது செய்வது?

ஞாயிறு மாலை, பழைய அமைப்பைக் கோப்பாக எடுத்துவைத்த பிறகு. வெள்ளி மதியம் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் நவம்பர் பிளாக் ஃப்ரைடே வாரமும் எதையும் தொடாதீர்கள். அவசரப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் விதிவிலக்கு: இங்கே பரவலாக இருக்கும் மைக்ரோடிக் ரவுட்டர்களில் 2018-இல் கண்டுபிடிக்கப்பட்ட வின்பாக்ஸ் (நிர்வாக நிரல்) ஓட்டையைப் பயன்படுத்திய தாக்குதல், திருத்தம் வந்த பிறகும் அப்டேட் செய்யாத பெட்டிகளில்தான் பரவியது.

டெக்னீஷியனை மாற்றுகிறோம். என்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?

ரவுட்டர், சுவிட்ச், ஆக்சஸ் பாயிண்ட், ரெக்கார்டர் நான்கின் நிர்வாகப் பாஸ்வேர்ட். அமைப்புகளின் பிரதிக் கோப்பு. எந்தச் சுவர் முனை எந்தப் போர்ட் என்ற பட்டியல். சேவையாளர் கணக்கு எண். எல்லாவற்றையும் விட முக்கியம் .கோ.இசட்.ஏ டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது. டெக்னீஷியன் பெயரில் இருந்தால், நல்லுறவோடு இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் முழுதும் அதன் மேல்தான் நிற்கிறது.

அவர் ஒப்படைத்த அன்றே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். திறந்திருக்கும் போர்ட்டுகளை எண்ணிப் பார்த்து, காரணம் சொல்ல முடியாததை மூடுங்கள். பழைய ஆளின் வயர்கார்டு சாவி ரவுட்டரில் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாஸ்வேர்ட் மாற்றினால் அது நீங்காது, தனியாக அழிக்க வேண்டும்.